ஒரு முறைக்கு 1,200 ரூபாய்: மூன்று நண்பர்கள், ஒரு டிரையத்லான், ஒரு நிதி திரட்டல்

கோவாவின் மிராமர் கடற்கரையில் 2023 அக்டோபரில் நடைபெற்ற அயர்ன்மேன் 70.3 என்ற டிரையத்லான் போட்டியில் நாங்கள் மூவர் ஓர் அணியாகக் கலந்துகொண்டோம். கடலில் 1.9 கிலோமீட்டர் நீச்சல், சாலையில் 90 கிலோமீட்டர் மிதிவண்டி, அதைத் தொடர்ந்து 21.1 கிலோமீட்டர் ஓட்டம் என்ற மூன்றையும் ஒருவரே முடிப்பதுதான் இந்தப் போட்டியின் இயல்பு என்றாலும், ஆளுக்கொன்றாகப் பகிர்ந்துகொள்ளும் ரிலே பிரிவும் அங்கே உண்டு. நாற்பத்தைந்து வயதைத் தொட்டுவிட்ட எங்களுக்கு அதுவே கைக்கு எட்டும் உயரமாக இருந்தது. மூன்று தூரங்களையும் மைல் கணக்கில் கூட்டினால் 70.3 வரும், பெயருக்குக் காரணம் அவ்வளவுதான்.

நீச்சல் என் பங்கு. வங்கியில் பணிபுரியும் நண்பர் மிதிவண்டியையும், பள்ளி ஆசிரியையான தோழி ஓட்டத்தையும் ஏற்றுக்கொண்டனர். கோவையில் ஒன்றாகப் படித்து, இப்போது சென்னையில் வெவ்வேறு மூலைகளில் வசிப்பவர்கள் நாங்கள். தோழியின் அண்ணன் சிறுநீரகங்கள் செயலிழந்து நான்கு ஆண்டுகள் டயாலிசிஸில் இருந்து மறைந்தவர். வாரத்துக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் அவர் படுத்திருந்த கட்டில், ஏழை நோயாளிகளிடம் பணம் வாங்காத ஒரு சிறிய அறக்கட்டளையுடையது. அந்த அறக்கட்டளைக்காக நிதி திரட்ட வேண்டும் என்று முதலில் சொன்னவர் தோழிதான். டிரையத்லான் என்ற எண்ணம் பின்னர் வந்தது. வெறுங்கையுடன் போய்ப் பணம் கேட்கக் கூச்சப்பட்டதால் வந்தது என்று சொல்வதே நேர்மையாக இருக்கும்.

தொடக்கத்திலேயே ஒரு பெரிய தவறு செய்தோம். வங்கி நண்பரின் சொந்த யுபிஐ எண்ணை அலுவலக வாட்ஸ்அப் குழுக்களில் போட்டு, அதற்குப் பணம் அனுப்புமாறு கேட்டோம். இரண்டே நாள்களில் 18,000 ரூபாய் சேர்ந்தது. மூன்றாம் நாள் என் அலுவலகத்தில் மூத்தவர் ஒருவர், குரலைத் தாழ்த்திக்கொள்ளாமலேயே, "நீங்க கோவா போறதுக்கு நாங்க ஏன் சார் காசு தரணும்?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. அன்றிரவு மூவரும் பேசிப் பார்த்தபோது, அவர் கேட்டதில் குற்றமில்லை என்பது விளங்கியது. நுழைவுக் கட்டணம், பயணம், தங்குமிடம் எல்லாம் எங்கள் கைச்செலவு என்பது எங்களுக்குத் தெரியும். கேட்கப்படுகிறவருக்கு அது எப்படித் தெரியும்? தனிமனிதர் ஒருவரின் கணக்கில் விழும் பணத்துக்கும் அறக்கட்டளைக்கும் இடையில் இருந்தது எங்கள் வாய்ச்சொல் மட்டுமே.

வந்த 18,000 ரூபாயையும் அனுப்பியவர்களுக்கே திருப்பி அனுப்பினோம். இனி ஒரு ரூபாய்கூட எங்கள் கணக்கைத் தொடாது, கொடுப்பவர் நேராக அறக்கட்டளையின் வங்கிக் கணக்குக்கே அனுப்ப வேண்டும், போட்டிச் செலவு முழுவதையும் நாங்களே ஏற்கிறோம் என்று முதல் வரியிலேயே எழுத வேண்டும் என்று முடிவு செய்தோம். திருப்பி அனுப்பியதில் சிலர் மறுபடியும் கொடுக்கவே இல்லை. அந்த இழப்பைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது.

அடுத்த பாடத்தை அறக்கட்டளையின் கணக்காளர் நடத்தினார். எழுபதைத் தாண்டிய அந்தப் பெரியவர், எங்கள் உற்சாகத்தைவிட எங்கள் விரிதாளில்தான் அதிக அக்கறை காட்டினார். அப்போதைய வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவின்கீழ் வரிச் சலுகை வேண்டுமென்றால் கொடுப்பவரின் பெயர், முகவரி, பான் எண் மூன்றும் பிழையில்லாமல் வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் சலுகை கிடைக்காது. அறக்கட்டளை ஆண்டுதோறும் மே 31-க்குள் வருமான வரித் துறையிடம் 10பிடி படிவத்தைத் தாக்கல் செய்தால்தான் நன்கொடையாளருக்கு 10பிஇ என்ற சான்றிதழ் வரும். இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தவர், புதிய வரி முறைக்கு மாறியவர்களுக்கு 80ஜி கழிவே கிடையாது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள் என்றார். எங்கள் அலுவலக நண்பர்களில் பலர் ஏற்கெனவே மாறியிருந்தனர். வரியில் ஒன்றும் மிச்சமாகாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கேட்டபோது, பாதிப் பேராவது பின்வாங்குவார்கள் என்று எதிர்பார்த்தேன். அப்படி நடக்கவில்லை.

பின்வாங்கச் சொல்ல வேண்டி வந்தது என் சித்தப்பா மகனிடம்தான். கனடாவின் குடியுரிமை பெற்றுவிட்ட அவன் ஒரு பெரிய தொகையை அனுப்பத் தயாராக இருந்தான். வெளிநாட்டுக் குடிமகன் தரும் பணம் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் வரும்; அதற்குத் தனிப் பதிவும், தில்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் அதற்கென்றே ஒரு கணக்கும் வேண்டும். இந்தச் சிறிய அறக்கட்டளைக்கு அந்தப் பதிவு இல்லை. "அம்மா கணக்குக்குப் போடறேன், அவங்க கொடுக்கட்டும்" என்று அவன் சொன்னதைக் கணக்காளரிடம் தெரிவித்தபோது, சுற்றி வரும் பணமும் வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் வெளிநாட்டுவாழ் நண்பர்கள் தருவதில் இந்தத் தடை இல்லை என்பதால் சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் பணம் வந்தது. தம்பி இரண்டு மாதங்கள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

கேட்கும் முறையையும் மாற்றினோம். "தங்களால் இயன்றதை" என்று கேட்டால் எதிரில் இருப்பவர் எவ்வளவு என்று தெரியாமல் தவிக்கிறார். ஒரு முறை டயாலிசிஸ் செய்ய அறக்கட்டளைக்கு 1,200 ரூபாய் செலவாவதாக அறிந்ததும், அதையே அளவாக வைத்தோம். ஒருவர் ஒரு முறை கொடுக்கலாம். நாலு பேர் சேர்ந்து 300 ரூபாய் வீதமும் கொடுக்கலாம். 300 முறைகள், அதாவது 3,60,000 ரூபாய், எங்கள் இலக்கு. வாரம் இரண்டு என்று கணக்கிட்டால் ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு 104 முறை தேவைப்படும் என்பதால், ஏறக்குறைய மூன்று பேரின் ஓராண்டு அது. இந்தக் கணக்கைச் சொன்ன பிறகு, விளக்கம் சொல்ல வேண்டிய தேவை பெரிதும் குறைந்துவிட்டது.

பயிற்சியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, என் நீச்சலைத் தவிர. கோபிக்கு அருகில் தோட்டத்துக் கிணற்றில் சுரைக்குடுக்கை கட்டி நீந்தப் பழகியவன் நான். தலையை உயர்த்தி வைத்துக்கொண்டு எவ்வளவு நேரமும் நீந்துவேன். 1.9 கிலோமீட்டருக்கு அது உதவாது என்பதை முதல் நாளே பயிற்சியாளர் சொல்லிவிட்டார். முகத்தை நீருக்குள் வைத்து, மூச்சை நீருக்குள்ளேயே வெளியேற்றி, தலையைப் பக்கவாட்டில் திருப்பி இழுக்கும் அந்த ஒரு பழக்கத்துக்கு மூன்று மாதங்கள் ஆயின. 25 மீட்டர் குளத்தில் 38 முறை போய் வந்தால்தான் போட்டித் தூரம் நிறையும். தொலைபேசியில் இதைக் கேட்ட அம்மா, "ஏங்கண்ணு, கெணத்துல நீந்துனது பத்தலையா?" என்றார். குளத்தில் தேறிய பிறகு கோவளத்தில் மீனவர் ஒருவரின் படகுத் துணையுடன் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் கடலில் இறங்கினேன். உடையும் அலையை மார்பில் வாங்காமல் அதன் அடியில் மூழ்கி எழ வேண்டும் என்று அவர் கற்றுத் தந்தது, கட்டணம் செலுத்திக் கற்ற எதையும்விட மிராமரில் பயன்பட்டது. வங்கி நண்பர் விடியற்காலை நான்கரை மணிக்குத் திருவான்மியூரில் கிளம்பி மாமல்லபுரம் போய்த் திரும்புவார். சற்றேறக்குறைய போட்டித் தூரமே அது. தோழி பள்ளி முடிந்த பிறகு மாலை வெயிலில் வேண்டுமென்றே ஓடினார். அதன் காரணம் எனக்குப் போட்டி நாளன்றுதான் புரிந்தது.

மிதிவண்டியைக் காரின் மேல் கட்டிக்கொண்டு பெங்களூரு, ஹூப்ளி வழியாக கோவா சேர்ந்தோம். முந்தைய நாளே மிதிவண்டியை, ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததுக்கு மாறும் மாற்றுமிடத்தில், எண் ஒட்டிய கம்பியில் மாட்டிவிட வேண்டும். நீரின் வெப்பம் 24.5 டிகிரியைத் தாண்டினால் மிதக்க உதவும் வெட்சூட் உடைக்கு அனுமதியில்லை. அரபிக் கடலில் அந்த மாதத்தில் வெட்சூட்டுக்கு வாய்ப்பே இல்லை. நீச்சலுக்கு ஒரு மணி பத்து நிமிடம், மிதிவண்டி முடியத் தொடக்கத்திலிருந்து ஐந்தரை மணி நேரம், மொத்தத்துக்கு எட்டரை மணி நேரம் என்பது வரம்பு. இடையில் ஒருவர் வரம்பைத் தாண்டினாலும் அணியே வெளியேற வேண்டும். நன்கொடை தந்த 200-க்கும் மேற்பட்டவர்கள் அன்று காலை எங்கள் நேரங்களைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்ற நினைப்பு, நீரில் இறங்கும்போது கால்களைக் கனக்கச் செய்தது.

முதல் மிதவையை அடைவதற்குள் ஒருவரின் முழங்கை என் கண்ணாடியைத் தட்டி, இடது கண்ணில் உப்புநீர் ஏறிவிட்டது. எட்டுக் கைவீச்சுக்கு ஒருமுறை தலையை உயர்த்தித் திசை பார்க்கும் பழக்கம் இருந்தும், ஒற்றைக் கண்ணால் பார்த்ததில் வழி விலகி, வேண்டாத தூரமெல்லாம் நீந்தினேன். 54 நிமிடங்களில் கரையேறி மாற்றுமிடத்துக்கு ஓடி, கணுக்காலில் கட்டியிருந்த நேரப் பட்டையைக் கழற்றி நண்பரின் காலில் கட்டினேன். அந்தப் பட்டைதான் எங்கள் ரிலே கோல். கைகள் நடுங்கியதால் அதன் ஒட்டுப்பட்டி இருமுறை நழுவியது. "மெதுவா, மெதுவா" என்று அவர் சொல்லிக்கொண்டேயிருந்தார்.

அவர் 3 மணி 22 நிமிடங்களில் திரும்பினார். முன்னால் செல்பவரின் காற்று மறைவில் ஒட்டிச் செல்லாமல் 12 மீட்டர் இடைவெளி காக்க வேண்டும் என்ற விதிக்குப் பயந்து, பல இடங்களில் தேவையில்லாமல் வேகத்தைக் குறைத்ததாகச் சொன்னார். தோழி ஓடத் தொடங்கியபோது மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. ரிலேயில் ஓட்டத்தை ஏற்பவருக்கு உச்சி வெயிலும் கடலோரப் புழுக்கமும் சேர்ந்தே வாய்க்கும் என்பதை நாங்கள் இருவரும் எண்ணிப் பார்த்திருக்கவே இல்லை, அவர் எண்ணியிருந்தார். தொப்பிக்குள் பனிக்கட்டிகளை வைத்துக்கொண்டு, தண்ணீர்ப் பந்தல்களில் மட்டும் நடந்து, 2 மணி 31 நிமிடங்களில் முடித்தார். முடிவுக் கோட்டைத் தாண்டியதும் எங்களிடம் முதலில் கேட்டது நேரத்தை அல்ல. எத்தனை முறை சேர்ந்திருக்கிறது என்றுதான். அப்போது 271. அன்றிரவு பதக்கங்களின் படத்தை அனுப்பிய பிறகு மேலும் 22 வந்து, 293-இல் நின்றது. மீதி ஏழையும் நாங்கள் மூவரும் பங்கிட்டுக் கட்டினோம்.

அடுத்த மே மாதக் கடைசியில் 10பிஇ சான்றிதழ்கள் வரத் தொடங்கின. ஒருவருக்கு மட்டும் பான் எண்ணில் ஓர் எழுத்து தவறியிருந்தது. தட்டச்சு செய்தவன் நான்தான். முன்பு கோவாவைப் பற்றிக் கேட்ட அதே மூத்த அலுவலருடைய எண் அது. கணக்காளர் திருத்தத் தாக்கல் செய்து, ஜூலையில் புதிய சான்றிதழ் வந்ததும் அதை அச்செடுத்து அவருடைய மேசையில் கொண்டுபோய் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்ணைச் சரிபார்த்தவர், "சரியா இருக்கு" என்றார். விரிதாளில் அவருடைய வரிக்கு நேராகப் பச்சை நிறமிட்டு, கோப்பை மூடினேன்.