2என்3055-க்குப் பதில் டிஐபி3055: சேலத்து வெயிலில் தாங்குமா?

பழுதுபார்க்க எடுத்துக்கொண்டது 12 வோல்ட், 3 ஆம்பியர் லீனியர் பவர் சப்ளை. 18 வோல்ட் டிரான்ஸ்பார்மர், பிரிட்ஜ், பில்டர் கெப்பாசிட்டர், பேஸுக்குக் கரன்ட் கொடுக்கும் பிடி139 (BD139) டிரைவர் டிரான்சிஸ்டர், கடைசியில் ஒற்றை 2என்3055 பவர் டிரான்சிஸ்டர். அதில் கலெக்டரும் எமிட்டரும் ஷார்ட் ஆகி, பில்டரில் இருக்கும் 24 வோல்ட் அப்படியே அவுட்புட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

மாற்றாகக் கையில் இருந்தது டிஐபி3055. இரண்டுக்கும் 60 வோல்ட், 15 ஆம்பியர். கடையில் கேட்டால் "ரெண்டும் ஒண்ணுதான், போடுங்க" என்பார்கள். வோல்ட்டிலும் ஆம்பியரிலும் ஒன்றுதான், சூட்டில் இல்லை. டேட்டாஷீட்டில் 2என்3055-க்கு 115 வாட், டிஐபி3055-க்கு 90 வாட் என்று போட்டிருப்பது கேஸ் (வெளிக்கூடு) 25 டிகிரியில் இருந்தால் மட்டுமே. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் முதலாவதில் 0.66 வாட்டும் இரண்டாவதில் 0.72 வாட்டும் கழிய வேண்டும். கேஸ் 100 டிகிரி ஆனால் 2என்3055 ஏறக்குறைய 66 வாட் தாங்கும், டிஐபி3055 வெறும் 36. 2என்3055-இன் உலோகக் கூட்டுக்கு ஜங்ஷன் (உள்ளே இருக்கும் சிலிக்கன் சில்லு) 200 டிகிரி வரை போகலாம், டிஐபி3055-இன் பிளாஸ்டிக்குக்கு 150-தான்.

இந்த சப்ளை 3 ஆம்பியர் கொடுக்கும்போது டிரான்சிஸ்டரில் வீணாவது (24 − 12) × 3 = 36 வாட். இடையில் வைக்கும் மைக்கா இன்சுலேஷன் தகடும் ஹீட்சிங்க்கும் சேர்ந்து வாட்டுக்கு 1.6 டிகிரி என்று வைத்தால் 58 டிகிரி ஏறும். ஏப்ரல், மே மதியத்தில் சேலத்து அறை 40 டிகிரி என்றால் கேஸ் 98. ஒற்றை டிஐபி3055 விளிம்பில் நிற்கிறது; மெயின் வோல்டேஜ் 250-க்கு ஏறினால் விளிம்பையும் தாண்டிவிடும். ஏற்காட்டில் 30 டிகிரி அறையில் இதே பெட்டிக்குக் கேஸ் 88-தான், 45 வாட் வரை இடம் இருக்கிறது. மலைமேல் ஓடியது அடிவாரத்தில் எரிவது இப்படித்தான்.

அதனால் இரண்டு டிஐபி3055 இணையாகப் போட்டாயிற்று. ஒவ்வொன்றின் எமிட்டரிலும் 0.22 ஓம், 5 வாட் ரெசிஸ்டர். இது கட்டாயம் வேண்டும். சூடான டிரான்சிஸ்டரின் பேஸ்-எமிட்டர் வோல்டேஜ் குறையும், அதனால் அதுவே அதிகக் கரன்ட் இழுத்து இன்னும் சூடாகும். ரெசிஸ்டர் அந்த ஓட்டத்தைப் பிடித்து நிறுத்துகிறது. அவுட்புட் வோல்டேஜைப் பார்த்துச் சரிசெய்ய உதவும் பீட்பேக் ஒயரை ரெசிஸ்டர்களுக்குப் பின்னால், அவுட்புட் முனையிலிருந்து எடுக்க வேண்டும். இல்லையென்றால் லோடு ஏறும்போது அவுட்புட் 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்கும்.

புதிதைச் சொருகும் முன் டிரைவரைப் பார்க்கவும். அவுட்புட் ஷார்ட் ஆகும்போது பெரும்பாலும் அதையும் இழுத்துக்கொண்டு போகும். கெயின் (பேஸ் கரன்ட்டைப் பெருக்கும் மடங்கு) 20 என்று குறைத்து எடுத்தால் பேஸுக்கு 150 மில்லி ஆம்பியர் வேண்டும், ஆகவே பிசி547 ஆகாது. டி882-இன் கால் வரிசை பிடி139 போலவே இருப்பதால் போடத் தோன்றும். அது 30 வோல்ட் சரக்கு, 24–26 வோல்ட் ஓடும் இடத்தில் நம்ப முடியாது. பிடி139-ஐயே போட்டு, 2 வாட் அளவு சூட்டுக்குச் சின்ன அலுமினியத் தகடு வைத்தது சரியாக வந்தது.

இரண்டு டிரான்சிஸ்டருக்கும் பின்பக்க உலோகம் கலெக்டர். மைக்கா, பேஸ்ட், ஸ்குரூவுக்கு பிளாஸ்டிக் புஷ் போட்டபின் கலெக்டருக்கும் ஹீட்சிங்க்குக்கும் இடையே மல்டிமீட்டர் பீப் அடிக்கக் கூடாது.

முதல் ஆனுக்கு மெயினில் 60 வாட் குண்டு பல்பை சீரிஸில் போட்டு, லோடு இல்லாமல் 12 வோல்ட் வருகிறதா என்று மட்டும் பார்க்கவும். லோடு போடும்போது பல்பை எடுத்துவிட வேண்டும், 70 வாட்டுக்கு மேல் இழுக்கும். லோடுக்கு 21 வாட், 10 வாட் வண்டி பல்புகள் இணையாக, 2.6 ஆம்பியர். 0.22 ஓம் ரெசிஸ்டர்கள் மேல் வந்தது 0.27, 0.30 வோல்ட். பங்கு ஏறக்குறையச் சமம். ஒன்றில் 0.1, மற்றதில் 0.5 என்று வந்தால் அந்த ஜோடியை மாற்றிவிட்டு, ஒரே லாட்டிலிருந்து வேறு இரண்டு எடுக்கவும்.