ட்ரையம்ஃப் சாப்பர்: கிராங்குக்குள் இருந்த கசடுக் குழாய் ஒருவழியாக வெளியே வந்தது

கழன்றுவிட்டது. என் பழைய ட்ரையம்ஃப் மோட்டார் சைக்கிளின் கிராங்கில் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு) வலப்பக்கத்தில் அரை நூற்றாண்டாக அசையாமல் இருந்த ஸ்லட்ஜ் டிராப் மூடி, அதாவது கசடுக் குழாயின் மூடி, இப்போது என் மேசைமேல் ஒரு தீப்பெட்டிக்குள் கிடக்கிறது. பழைய ட்ரையம்ஃப் ட்வின் எஞ்சினைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் சொல்லத் தேவையில்லை. ஆனால் இந்த வண்டியைப் பற்றி இதுவரை எதுவும் எழுதவில்லை என்பதால் அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

கலிபோர்னியாவில் ஃப்ரெஸ்னோ பக்கம் ஒரு பண்ணைக் கொட்டகையில் இருந்து வாங்கிய சாப்பர், அதாவது தொழிற்சாலை வண்டியை வெட்டி, நீட்டி, தன் விருப்பப்படி மாற்றிக் கட்டியது. பின்பக்கம் சஸ்பென்ஷன் இல்லாத ஹார்ட்டெயில், முன்னால் வெளியே தெரியும் ஸ்பிரிங்குகளோடு நீண்ட ஸ்பிரிங்கர் போர்க், பிரேக்கே இல்லாத 21 இன்ச் முன்சக்கரம், ஆள் உயரத்துக்கு முறுக்குக் கம்பியில் செய்த சிஸ்ஸி பார் என்ற முதுகுச் சாய்வு, எல்லாவற்றுக்கும் மேலே யாரோ டப்பா ஸ்ப்ரேயால் அடித்த கறுப்பு. “1967 பானவில், பெரிய பில்டர் கட்டியது” என்றார் விற்றவர். பானவில் என்பது ட்ரையம்ஃபின் புகழ்பெற்ற மாடல். கலிபோர்னியாவில் விலைக்கு வரும் பழைய சாப்பர் எதுவானாலும் பெரிய கை ஒன்று தொட்டதாகத்தான் சொல்வார்கள். வடக்கே என்றால் சான் லியாண்ட்ரோவில் இருந்த ஆர்லன் நெஸ், தெற்கே என்றால் சான் பெர்னார்டினோவின் டென்வர்ஸ் சாப்பர்ஸ். உண்மையில் இவற்றில் பெரும்பாலானவை வீட்டுக் கராஜில் பிறந்தவை. டாம் மெக்மல்லன் நடத்திய ஏஇஇ போன்ற கடைகள் போர்க், டேங்க், சீட் என்று எல்லாவற்றையும் தபாலில் அனுப்பின. வெல்டிங் தெரிந்த நண்பன் ஒருவன் இருந்தால் போதும். என் வண்டியும் அந்த ஜாதிதான் என்று பார்த்தவுடனே தோன்றியது. அதில் எனக்கு வருத்தம் இல்லை, சொல்லப்போனால் அதுதான் பிடித்தது.

சரி, அடையாளம். எஞ்சின் எண் இடப்பக்கம், சிலிண்டர் அடிவாரத்துக்குக் கீழே உள்ள சின்ன மேடையில் இருக்கும். கம்பி பிரஷ் போடாமல் மண்ணெண்ணெயும் பல் பிரஷ்ஷுமாகத் துடைத்ததில் டிஆர்6ஆர் என்றும், டியூ-வில் தொடங்கும் ஓர் எண்ணும் தெரிந்தன. 1967 மாடலுக்கு டியூ 44394 முதல் 66245 வரை. என்னுடையது அதற்குள் வருகிறது. ஆக ஆண்டு சரி, பெயர் தப்பு. டிஆர்6 என்பது ஒற்றைக் கார்புரேட்டர் வண்டி, பானவில்லுக்குத்தான் இரண்டு. ஆனால் என் எஞ்சின்மேல் இருப்பதோ இரண்டு கார்புரேட்டர் ஹெட், துவாரங்கள் இரண்டும் வெளிப்பக்கமாக விரிந்திருக்கும் அசல் டி120 (பானவில்) ஹெட். யாரோ மாற்றியிருக்கிறார். அந்தக் காலத்தில் இதைக் குற்றமாக நினைத்திருக்கமாட்டார்கள், இதைவிட மலிவாகக் குதிரைத்திறன் கிடைக்காது.

எண்ணை மறுபடி அடித்திருப்பார்களோ என்ற சந்தேகமும் இருந்தது. 1969 மாடல் வாக்கில் இருந்து அந்த மேடையில் சின்னச் சின்ன ட்ரையம்ஃப் முத்திரைகள் பின்னணியாக வரும், அரம் போட்டால் காட்டிக்கொடுத்துவிடும். அதற்கு முந்தைய வண்டிகளுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. மேடை தட்டையாக இருக்கிறதா, வார்ப்பின் சொரசொரப்பு எண்ணின் ஓரத்தில் அப்படியே இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்க்கவேண்டியதுதான். ட்ரையம்ஃபின் மெரிடன் தொழிற்சாலையில் கையால் அடித்த எண்கள் கொஞ்சம் ஏறி இறங்கித்தான் நிற்கும். ரொம்ப நேராக இருந்தால்தான் பயப்பட வேண்டும். என்னுடையது நன்றாகவே கோணல்.

அடுத்து பிரேம் எண். அது ஸ்டியரிங் கழுத்தின் இடப்பக்கம் இருக்கவேண்டும். ஆனால் சாப்பர் கட்டியவர் கழுத்தைச் சுற்றி பாடி ஃபில்லரைக் கனமாகப் பூசி, இழைத்து, குழாய்கள் எல்லாம் ஒன்றோடொன்று உருகி ஓடியதுபோல ஆக்கியிருந்தார். 70களின் தொடக்கத்தில் இந்த மோல்டிங்தான் பெருமை. அதைச் சுரண்ட மனமே வரவில்லை. இடப்பக்கம் மட்டும், ஒரு தீப்பெட்டி அகலத்துக்கு, சூட்டுத் துப்பாக்கியால் இளக்கி உளியால் எடுத்தேன். கீழே டி120ஆர், டியூ 3-இல் தொடங்கும் எண். அதாவது 1966. ஆக பிரேம்தான் பானவில், எஞ்சின் அல்ல. விற்றவர் சொன்னதில் ஆண்டு ஒரு பாதிக்கும் பெயர் மறுபாதிக்கும் பொருந்துகிறது!

இங்கிலாந்தின் பர்ட்டனில் உள்ள விண்டேஜ் மோட்டார் சைக்கிள் கிளப்பிடம் ட்ரையம்ஃபின் பழைய பதிவேடுகள் இருக்கின்றன. கட்டணம் கட்டினால் எண்ணைத் தேடித் தருவார்கள். பிரேம் எண்ணைக் கொடுத்துக் கேட்டேன். பாசடீனாவில் இருந்த ஜான்சன் மோட்டார்ஸுக்குப் போன வண்டி என்று பதில் வந்தது. மேற்குக் கரை முழுவதற்கும் ட்ரையம்ஃபை விநியோகித்தவர்கள் அவர்கள்தான். ஆக இது கலிபோர்னியாவை விட்டு வெளியே போகாத வண்டியாக இருக்கலாம்.

சாப்பர் ஆனது எப்போது? பின்னால் தொங்கிய நம்பர் பிளேட்தான் உதவியது. 1963-இல் வந்த கறுப்புப் பிளேட் இல்லை, அதற்கு அடுத்து வந்த நீலம். ஒட்டியிருந்த ஆண்டு ஸ்டிக்கர்களில் மேலே இருப்பது 1976, அதற்கு அடியில் பாதி கிழிந்து தெரிவது 1973. டேங்கில் கறுப்புக்குக் கீழே இருப்பது லேஸ் துணியை வைத்து ஸ்ப்ரே அடித்த கேண்டி சிவப்பும் தங்க ஃப்ளேக்கும். இந்த ரசனையும் அதே காலம். 1973 வாக்கில் கட்டி, சில ஆண்டுகள் ஓட்டி, 1976-க்குப் பிறகு கொட்டகையில் நிறுத்திவிட்டார்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

இதனால்தான் நண்பர்கள் கேட்கும் “திரும்ப ஸ்டாக் பானவில்லாக மாற்றிவிடேன்” என்ற யோசனைக்கு நான் தலையாட்டவில்லை. தொழிற்சாலைப்படி இருக்கும் பானவில்கள் நிறையவே மிச்சம் இருக்கின்றன. 1973-இல் பெயர் தெரியாத ஒருவர் தன் கராஜில் கட்டி, அப்படியே மிஞ்சிய சாப்பர்கள்தான் குறைவு. பின்னால் வந்தவர்கள் அவற்றை வெட்டி உதிரிகளாக விற்றுவிட்டார்கள். நான் புதுப்பிப்பது 1966-ஐயும் அல்ல, 1967-ஐயும் அல்ல, 1973-ஐ.

இனி அந்த மூடி.

இந்த எஞ்சினில் காகித ஆயில் ஃபில்டர் கிடையாது. எஞ்சின் அடியில் உள்ள சம்பிலும் ஆயில் டேங்கிலும் வெறும் வலைதான். நிஜமான ஃபில்டர் கிராங்குக்குள்ளேயே இருக்கிறது. கனெக்டிங் ராடு கிராங்கைப் பிடிக்கும் இடமான பிக் எண்ட் ஜர்னல் உள்ளீடற்றது, அதற்குள் ஒரு குழாய். கிராங்க் சுற்றும் வேகத்தில் ஆயிலில் உள்ள உலோகத் தூளும் கரியும் விசிறப்பட்டுக் குழாய்ச் சுவரில் அப்பிக்கொள்ளும், தெளிந்த ஆயில் பேரிங்குக்குப் போகும். அருமையான ஏற்பாடு, யாராவது எப்போதாவது சுத்தம் செய்தால். செய்யமாட்டார்கள், ஏனென்றால் அதற்கு எஞ்சினை முழுதாகப் பிரித்துக் கிராங்கை வெளியே எடுக்கவேண்டும். குழாய் நிரம்பினால் பிக் எண்டுக்கு ஆயில் நின்றுபோகும். அதன்பின் கனெக்டிங் ராடு கிராங்க்கேஸைக் கிழித்துக்கொண்டு வெளியே எட்டிப்பார்க்கும். “ஓடுகிற எஞ்சின்தானே, டாப் எண்டை (சிலிண்டரும் ஹெட்டும்) மட்டும் பார்த்தால் போதும்” என்பவர்களோடு நான் சண்டைக்கே தயார்.

மூடி என்பது பட்டையான காடி வெட்டிய ஒரு பெரிய திருகு. கழலாமல் இருக்கத் தொழிற்சாலையிலேயே ஓரத்தில் சென்டர் பஞ்சால் குத்தி நசுக்கியிருப்பார்கள். முதல் வேலை அந்தக் குத்தை 1/8 இன்ச் டிரில்லால் எடுப்பது. மரைக்குள் போய்விடாமல் மேலோட்டமாக எடுக்கவேண்டும். அடுத்தது இம்பாக்ட் ஸ்க்ரூடிரைவர். கடையில் கிடைக்கும் எந்த முனையும் அந்தக் காடிக்குப் பொருந்தாது. பழைய உளி ஒன்றைக் கிரைண்டரில் தீட்டி, காடிக்குள் இறுக உட்காரும்படி செய்துகொண்டேன். அடித்தேன். சூடுகாட்டி அடித்தேன். ஊடுருவும் எண்ணெய் ஊற்றி ராத்திரி முழுக்க விட்டு, மறுபடி சூடுகாட்டி அடித்தேன். காடியின் விளிம்பு மடங்க ஆரம்பித்ததே தவிர மூடி அசையவில்லை.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற மெக்சிகோக்காரர் ஒருவர் இருக்கிறார், கப்பல் தளத்தில் வெல்டராக இருந்தவர். வந்து பார்த்துவிட்டு டிக் வெல்டிங் மெஷினை எடுத்துவந்தார். மூடியின்மேல் ஒரு நட்டை உட்காரவைத்து, நட்டின் துளை வழியாக உள்ளே வெல்டு போட்டு நிரப்பினார். சுற்றியுள்ள ஜர்னல்களை ஈரத்துணியால் சுற்றிவிட்டோம், பொறி பட்டால் மேற்பரப்பு போச்சு. இந்த முறையில் நட்டைப் பிடிக்க ஸ்பேனர் கிடைக்கிறது என்பது பாதி லாபம்தான். வெல்டின் சூடு மூடிக்குள் நேரே இறங்கி மரையின் பிடியை உடைக்கிறது, அதுதான் பெரிய லாபம். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியபின் நீண்ட கம்பி மாட்டி இழுத்தேன். துப்பாக்கி வெடித்ததுபோல ஒரு சத்தம். கிராங்க் உடைந்துவிட்டதென்று ஒரு நொடி நினைத்தேன். மூடிதான் திரும்பியிருந்தது.

மூடி வந்துவிட்டால் குழாய் வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். பிளைவீலைப் பிடிக்கும் மூன்று போல்ட்டுகளில், பிக் எண்ட் ஜர்னலுக்கு நேராக இருப்பதன் முனை குழாயில் உள்ள ஓட்டைக்குள் நுழைந்து நிற்கிறது. அதை முதலில் எடுக்காமல் குழாயை இழுத்தால் குழாய் கிழியும், போல்ட்டும் கெடும். போல்ட்டை எடுத்தபின், குழாயின் உள்ளே டேப்பால் மரை வெட்டி, நீண்ட போல்ட்டைத் திருகி, சிலைடு ஹேமரால் இழுத்தேன். வந்தது. உள்ளே இருந்த கசடு பானை அடியில் இறுகிப்போன கருப்பட்டிபோல இருந்தது, கத்தியால் சீவித்தான் எடுக்கமுடிந்தது. நடுவில் பென்சில் முனை நுழையும் அளவுக்கு ஒரு வழி மட்டும் மிச்சம். 1976-இல் வண்டியை ஏன் நிறுத்தினார்கள் என்பதற்கு இது பதிலாக இருக்கலாம்.

புதுக் குழாய் மலிவுதான், பழையதைக் கழுவிப் போட்டு மிச்சம் பிடிக்கவேண்டாம். மாட்டும்போது ஓட்டை போல்ட்டுக்கு நேராக வரவேண்டும். முதலில் போல்ட்டைக் கையால் மட்டும் திருகிப் பார்க்கவேண்டும், முழுதும் சுகமாக இறங்கினால்தான் நேராக இருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் மரை கழலாமல் பிடிக்கும் லாக்டைட் பசை போட்டு 33 அடி-பவுண்டு முறுக்கம். புது மூடியில் ஆலன் கீ குழி இருக்கிறது, அடுத்த தலைமுறை என்னை வாழ்த்தும். ஆனாலும் லாக்டைட் போட்டு ஒரு பஞ்சுக் குத்தும் வைக்கவேண்டும், அது கழன்றால் நேரே கிராங்க்கேஸுக்குள்தான் விழும்.

உதிரிகள் பற்றி ஒரு வார்த்தை. பிளைவீல் போல்ட்டை விலை பார்த்து வாங்கக்கூடாது. ஒரு கடை அனுப்பியதன் முனை குழாய் ஓட்டையைவிடப் பருமன். திருப்பி அனுப்பினால் தபால்செலவு என் தலையில். கேஸ்கெட் எல்லாம் இங்கிலாந்தின் டெவனில் உள்ள எல்எஃப் ஹாரிஸ் தயாரிப்பு, குறை இல்லை. கார்புரேட்டருக்கு அமால் பிரீமியர் எடுக்கலாமென்று இருக்கிறேன், அதன் சிலைடு பழையதுபோலச் சீக்கிரம் தேயாது. லாங் பீச் சந்தையில் பேட்டரி இல்லாமலே தீப்பொறி தரும் ஏஆர்டி மேக்னீட்டோ ஒன்றைப் பார்த்துவிட்டு வந்ததில் இருந்து தூக்கமில்லை. 1973 சாப்பருக்கு அதைவிடப் பொருத்தமானது எது? விலைதான் ஒரு பழைய காரின் விலை.

ஸ்பேனர் கதை வேறு. இந்த வண்டியின் போல்ட்டுகளில் பாதி பழைய பிரிட்டிஷ் அளவான விட்வொர்த், பாதி இன்னோர் இன்ச் அளவான யூஎன்எஃப், பிரேமை மாற்றியவர் போட்ட சில மெட்ரிக் போல்ட்டுகளும் உண்டு. அமெரிக்காவில் விட்வொர்த் செட் வாங்கப்போனால் சேகரிப்பாளர் விலை சொல்கிறார்கள். மச்சானுக்குப் போன் செய்தேன். சென்னை ஜி.பி. ரோட்டில் பழைய புல்லட் மெக்கானிக் ஒருவரிடம் இருந்து முழு செட்டையும் வாங்கி, ஊரில் இருந்து வந்த அத்தையின் பெட்டியில் ஊறுகாய்க்கு நடுவே வைத்து அனுப்பினார். பிடியில் தேய்மானம் இருக்கிறது, வாயில் இல்லை.

எஞ்சின் மூடுவதற்குள் மனம் முன் போர்க்குக்குப் போய்விட்டது. 1966-இல் இருந்து இந்தக் கழுத்தின் சாய்வு 28 டிகிரி. டிஜிட்டல் லெவல் இப்போது 37 காட்டுகிறது, டேங்குக்குக் கீழே குழாயை வெட்டிச் சாய்த்திருக்கிறார்கள். வெல்டு நன்றாகவே இருக்கிறது, உள்ளே ஸ்லீவும் உண்டு. பிரச்சினை ட்ரெயில், அதாவது கழுத்தின் கோடு தரையைத் தொடும் இடத்துக்கும் முன்சக்கரம் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம். சக்கர ஆரம் 13.5 இன்ச், ஆஃப்செட் (கழுத்தின் கோட்டில் இருந்து சக்கர அச்சு முன்னால் தள்ளியிருக்கும் தூரம்) 2 இன்ச் என்று கணக்குப் போட்டால் ட்ரெயில் 7.7 இன்ச் வருகிறது. நெடுஞ்சாலையில் அம்புபோலப் போகும், பெட்ரோல் பங்க்கில் திரும்பும்போது கைப்பிடி பொத்தென்று ஒரு பக்கம் விழும். ஸ்பிரிங்கரில் சக்கர அச்சைப் பிடிக்கும் சின்னக் கைகளான ராக்கர்களை நீட்டி ஆஃப்செட்டை 4 இன்ச் ஆக்கினால் ட்ரெயில் 5.2-க்கு இறங்கும். லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் சுகர் பேர் என்ற பில்டர் தன் ஸ்பிரிங்கர்களில் நீண்ட ராக்கர் வைத்ததன் ரகசியம் இதுதான். நீளமான போர்க்கிலும் அவர் வண்டிகள் லேசாகத் திரும்பும் என்பார்கள். ராக்கரை நானே வெட்டப்போவதில்லை, உயிரைத் தாங்கும் பாகம், தெரிந்தவரிடம்தான் கொடுப்பேன்.

முன் பிரேக் விஷயத்தில் 1973-க்கு விசுவாசம் காட்டமாட்டேன். பிரேக் இல்லாத ஸ்பூல் ஹப்பைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டு, சின்ன டிரம் ஒன்று மாட்டப்போகிறேன். தூய்மைவாதிகள் திட்டிக்கொள்ளலாம்.

டேங்கின் கறுப்பைத் தினமும் கொஞ்சம் எடுக்கிறேன். தின்னர் தொட்டால் அடியில் உள்ள லேக்கரும் கரைந்து வந்துவிடும், அதனால் 1500 நம்பர் உப்புத்தாளும் சோப்புத் தண்ணீரும்தான். இடப்பக்கம் பாதி தெரிகிறது, வலப்பக்கத்தில் இன்னும் கை வைக்கவில்லை. கிராங்க் கிரைண்டிங்குக்குப் போயிருக்கிறது, 10 தவ் (இன்ச்சில் நூறில் ஒரு பங்கு) எடுக்கவேண்டியிருக்கும் என்கிறார்கள். அது திரும்பி வருவதற்குள் மேக்னீட்டோவை வாங்குவதா வேண்டாமா என்று வீட்டில் பேசி முடிக்கவேண்டும்.