வியட்நாமில் மேல் படுக்கைப் பயணம்

ஹனோயிலிருந்து சைகோன் வரை 1,726 கிலோமீட்டர் நீளும் இருப்புப்பாதையில், செலவைக் குறைப்பதற்காக மூன்றடுக்குப் படுக்கைகளில் உச்சியில் இருப்பதையே தேர்ந்தெடுத்தேன். நிமிர்ந்து உட்கார முடியாத அந்த இடத்துக்குத்தான் கட்டணம் குறைவு. 1802 முதல் 1945 வரை நுயென் மன்னர்களின் தலைநகராக விளங்கிய ஹுவேயில் இறங்கி இரண்டு நாள் தங்கிய பிறகு, தா நாங் வரையிலான சுமார் நூறு கிலோமீட்டரை மட்டும் பகலில், சாதாரண இருக்கையில் கடந்தேன். ஹாய் வான் கணவாய்ப் பகுதியில் ரயில் கடலை ஒட்டிய மலைவிளிம்பில் ஊர்ந்து செல்வதால், தெற்கே போகிறவர்கள் இடப்பக்கச் சன்னலைக் கேட்டு வாங்க வேண்டும். கண்ணாடியில் படிந்திருந்த அழுக்கையும் மீறி, கீழே பாறைகளில் நுரைத்த அலைகள் தெரிந்தன.

தா நாங்கில் ஒரு நடைபாதைக் கடையில், முழங்கால் உயரம்கூட இல்லாத பிளாஸ்டிக் முக்காலியில் அமர்ந்து, டின்பாலின் மேல் சொட்டுச் சொட்டாக இறங்கிய காப்பியைக் குடித்துவிட்டு, 20,000 டாங் என்று நினைத்து 500,000 டாங் தாளை நீட்டினேன். இரண்டுமே நீல நிறம்! கடைக்கார அம்மா சிரித்தபடி அதைத் திருப்பித் தந்து, என் பணப்பையிலிருந்து சரியான தாளைத் தாமே உருவிக்கொண்டார். அன்று மாலையே பெரிய தாள்களைப் பாஸ்போர்ட் உறைக்குள் மாற்றிவைத்தேன்.