காரைக்குடி கிரில் தேனிரும்பேதான்!

வீட்டு மதில் மேல் போடும் வேலிக்காகக் காரைக்குடி பழம்பொருள் கடையில் எடைக்கு வாங்கிவந்த கிரில் அசல் தேனிரும்பேதான் (ஆங்கிலத்தில் ‘ராட் அயர்ன்’, கசடு இழையோடும் பழைய வகை இரும்பு). அதில் ஒடிந்து தொங்கிய கம்பி ஒன்றை வைஸில் பிடித்து, ஹாக்சாவால் பாதிவரை அறுத்து, சுத்தியலால் மடக்கினேன். கரும்பைப் பிளந்தது போல நார் நாராகப் பிரிந்தது. கிரைண்டரில் வைத்தும் பார்த்துவிட்டேன்: பொறி மங்கலாக, நீளமாக, அதிகம் கிளைக்காமல் பறந்தது. எம்.எஸ். (மைல்டு ஸ்டீல், இன்றைய சாதா இரும்பு) கம்பி என்றால் பூப்பூவாக வெடித்திருக்கும். காயலான் கடையில் போயிருக்க வேண்டிய சரக்கு! கொஞ்சம் தலைக்கனத்தோடுதான் எழுதுகிறேன்.

இன்று கடைகளில் ‘ராட் அயர்ன்’ என்று விற்பது வளைத்து, முறுக்கிய எம்.எஸ். தவிர வேறில்லை. இங்கிலாந்தின் போல்ட்டன் ஆலை 1970களில் மூடப்பட்டதோடு தேனிரும்பை வணிக அளவில் புதிதாகத் தயாரிப்பது நின்றுபோனது. ஆகவே வேலியின் நடுவில் இந்தப் பழைய கிரில். இரு பக்கமும் 12 மி.மீ. எம்.எஸ். சதுரக் கம்பி. “பைப் போடுங்கள் சார், கனமாகத் தெரியும்” என்று இரும்புக் கடைக்காரர் விடாமல் சொன்னார். 25 மி.மீ. சதுர பைப்பும் இந்தக் கம்பியும் எடையில் கிட்டத்தட்ட ஒன்று, மீட்டருக்கு 1.1 கிலோவுக்குச் சற்று மேல். ஆனால் பைப்பின் சுவர் 1.6 மி.மீ. தான். திருவான்மியூர் உப்புக் காற்றில், வெல்டிங்கில் ஊசித்துளை விழுந்தால் போதும், பெயிண்ட் எட்டாத உட்புறத்திலிருந்து அரிக்கும். எங்கள் தெருவில் அடிக்கால் மட்டும் தின்னப்பட்டு ஆடும் வேலிகளை எண்ணி மாளாது.

அந்த அடிக்கால்தான் என் தூக்கத்தைக் கெடுக்கிறது. கம்பியை நேராக மதில் சிமெண்டில் நட்டால், இரண்டும் சேரும் விளிம்பில் மழைநீர் தேங்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், பூச்சைப் பிளந்துவிடும். அந்தக் காலத்தில் கல்லில் குழி வெட்டி, கம்பியை நிறுத்தி, ஈயத்தை உருக்கி ஊற்றினார்கள். எனக்கு அது வேண்டாம். கம்பிகள் எல்லாம் கிடையான ஓர் இரும்புப் பட்டையில் முடியும். பட்டை மதிலுக்கு இரண்டு அங்குலம் மேலே நிற்கும். மதிலைத் தொடுவது போல்ட் போட்ட கால்கள் மட்டுமே. மதில் தலையைத் தெருப்பக்கம் சரிவாகப் பூசியாகிவிட்டது. பட்டைத் துளைகளுக்குள் பிரைமர் தடவிய பிறகே கம்பியைச் செருகுகிறேன். அந்த இண்டுக்குள் பிறகு எந்தத் தூரிகையும் நுழையாது.

கம்பியைச் செருகுவதற்கு முன்பே எம்.எஸ். பகுதி துத்தநாகக் குளியலுக்குப் போகிறது. 450 டிகிரி குழம்பில் முக்கி எடுப்பார்கள். வந்ததும் எனாமல் அடித்துவிடலாம் என்கிறார் பெயிண்டர். கூடவே கூடாது! புதுத் துத்தநாகத்தின் மேல் எண்ணெய் எனாமலை நேரடியாக அடித்தால் சோப்பாகி உரியும். இடையில் எபாக்சி பிரைமர் கட்டாயம்.

பழைய கிரிலில் ஒரு பூண் (கம்பிகளைச் சேர்த்துப் பிடிக்கும் பட்டி) கழன்றிருக்கிறது. வெல்டர் நொடியில் பற்ற வைத்துத் தருவதாகச் சொன்னார். தேனிரும்புக்குள் கசடு அடுக்கடுக்காக இருப்பதால் வெல்டிங் மேலடுக்கை மட்டும் கவ்வும், பிறகு அந்த அடுக்கோடு பெயர்ந்துவரும். காய்ச்சிய ரிவெட்தான் (அறைந்து இறுக்கும் ஆணி) போடப்போகிறேன். அதற்குக் கரி உலை வேண்டும். கொல்லையில் கிடக்கும் பழைய பிரேக் டிரம் ஒன்றைக் கண் வைத்திருக்கிறேன். ஊதுவதற்கு ஹேர் டிரையர் போதும். வீட்டில் இன்னும் கேட்கவில்லை.