சிசிலிக்கு வருவதென்றால் ஒக்டோபரில் வாருங்கள்

"சிசிலியோ? ஒருக்காப் போனதே காணும். வெக்கையும் பூட்டின கடையும்தான்." ரொறன்ரோவில் ஒரு சாமத்திய வீட்டில் என்னுடைய மச்சாள் நாலு பேர் கேட்க இப்படிச் சொன்னாராம். பக்கத்துக் கதிரையில் இருந்த சித்தி அதைத் தொலைபேசியில் எனக்குச் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, சுருக்கென்றது. இத்தாலியின் தெற்கில் உள்ள இந்தச் சிசிலித் தீவின் தலைநகர் பலெர்மோவில் இத்தனை வருடம் இருந்ததில் இந்த ஊரின் மேல் ஒரு உரிமை வந்துவிட்டது. யாழ்ப்பாணத்தைப் பற்றி ஒருவர் குறைவாகக் கதைத்தால் எனக்கு என்ன கோபம் வருமோ அதே கோபம்தான் இதற்கும் வருகிறது.

மச்சாள் பொய் சொல்லவில்லை. ஓகஸ்ட் இரண்டாம் கிழமை குடும்பமாக வந்து இறங்கினார்கள், அந்தக் கிழமையில் யார் வந்தாலும் அதைத்தான் காண்பார்கள்.

ஓகஸ்ட் 15 இங்கே ஃபெராகோஸ்தோ. மாதாவின் விண்ணேற்புத் திருநாள் என்று கோயில்களில் பூசை நடக்கும், ஆனால் அந்த விடுமுறையின் வேர் அதற்கும் முந்தியது, ரோமப் பேரரசர் அகஸ்டஸ் காலத்து ஓய்வு நாட்களில் இருந்து வருகிறது. அந்த நாளுக்கு முன்னும் பின்னும் பாதி ஊர் பூட்டிக் கிடக்கும். பாண் கடைக் கதவில் விடுமுறை என்று ஒரு தாள் ஒட்டியிருக்கும், திறப்பது எப்போது என்பதைக் கையால் எழுதியிருப்பார்கள். பலெர்மோக்காரர் எல்லாம் மொண்டெல்லோவிலோ செஃபலூவிலோ கடற்கரையில் இருப்பார்கள். எங்கள் ஆட்களில் நிறையப் பேருக்கு வீட்டு வேலையும் வயதானவர்களைப் பார்க்கிற வேலையும்தான். முதலாளி வீட்டார் கடற்கரை வீட்டுக்குப் போனால் நாங்களும் கூடவே போக வேண்டும். நான் பார்க்கிற அம்மாவும் ஓகஸ்ட் முழுக்க மொண்டெல்லோவில்தான் இருப்பார், நானும் அங்கேதான். அவ்வளவு தூரத்தில் இருந்து உறவு வந்திருக்கிறது, ஒரு நாள் இருத்திச் சோறு போட்டு அனுப்ப எனக்கு லீவு கிடைக்கவில்லை. பின்னேரம் பஸ் பிடித்துப் போய், வியர்த்து விறுவிறுத்து நிற்கிற பிள்ளைகளோடு கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத் திரும்ப ஓடி வந்தேன். மச்சாள் கண்ட சிசிலியை விட, நான் அவருக்குக் காட்ட முடியாமல் போன சிசிலிதான் என்னை இவ்வளவு நீளத்துக்கு எழுத வைக்கிறது.

"நாங்கள் வெயில் நாட்டுக்காரர்தானே, எங்களுக்கென்ன?" என்று எல்லாரும் கேட்கிறார்கள். இந்த வெயிலுக்கு அந்தக் கணக்குச் சரிவராது. சகாராப் பக்கமிருந்து சிறோக்கோ என்ற காற்று வரும். அது எந்த மாதத்திலும் வரலாம், குளிர் காலத்தில் வந்தால் கார்களின் மேல் செம்மண் தூசியை விட்டுவிட்டுப் போகும், அவ்வளவுதான். கோடையில் வந்தால் மூச்சே சுடும். 2021 ஓகஸ்ட் 11 அன்று சிராகூசாவுக்குப் பக்கத்தில் 48.8 பாகை பதிவானது. ஐரோப்பியக் கண்டத்திலேயே பதிவான ஆகக் கூடிய வெப்பம் அதுதான் என்று உலக வானிலை அமைப்பு பிறகு உறுதிப்படுத்தியது. 2023 ஜூலையில் பலெர்மோவைச் சுற்றி மலைகள் எரிந்தன, விமான நிலையத்தைக் கூடச் சில மணி நேரம் மூடினார்கள். 2024 இல் மழை பொய்த்துப் பல ஊர்களில் தண்ணீரை அளந்துதான் விட்டார்கள். அக்ரிஜெந்தோவில் 2400 வருடப் பழைய கிரேக்கக் கோயில்கள் வரிசையாக நிற்கின்றன, பார்த்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். ஆனால் அங்கே ஒதுங்க நிழல் மிகக் குறைவு. ஓகஸ்ட் மத்தியானத்தில் சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அங்கே ஏறினால் எந்தத் தாயும் அலுத்துத்தான் திரும்புவாள்.

எங்கள் ஆட்கள் ஏன் ஓகஸ்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று எனக்கு விளங்கும். பள்ளிக்கூட விடுமுறை ஒரு காரணம். மற்றது பழக்கம், ஊருக்குப் போவதென்றாலே நல்லூர்த் திருவிழாவைக் கணக்குப் பார்த்து டிக்கெட் போட்ட பழக்கம். அங்கே அது சரிதான். இருபத்தைந்து நாள் திருவிழா, சோளகம் வீசி வெயிலின் கடுமையைத் தணிக்கிற காலம், விடிய எழும்பினால் பனைக்கடியில் விழுந்து கிடக்கிற பழத்தின் வாசம். அம்மம்மா பனம்பழத்தைச் சுட்டுத் தோலை உரித்துக் கையில் தருவார், நார் பல்லுக்குள் மாட்டி முகமெல்லாம் மஞ்சளாகும். தேரன்று விடிய நாலு மணிக்கே தோய்ந்துவிட்டு, ஈரத் தலையோடு நடந்து போவோம். நான் இப்போது முழுக்க இந்த ஊர்க்காரிதான், கோப்பி குடிக்கிற விதம் கூட மாறிவிட்டது. ஆனாலும் மொண்டெல்லோ வீட்டில் ஓகஸ்ட் இரவில் நித்திரை வராமல் கிடக்கும்போது, இன்றைக்கு எத்தனையாம் திருவிழா என்று மனம் எண்ணத் தொடங்கிவிடும்.

சரி, கோடையில்தான் வர முடியும் என்றால் ஒரே ஒரு நாட்கணக்குத்தான் நான் சொல்வேன், ஜூலை நடுப்பகுதி. 14 ஆம் திகதி இரவு பலெர்மோவில் சாந்தா றொசாலியா என்ற புனிதையின் தேர் பேராலயப் பக்கமிருந்து கடற்கரை வரை வரும். 1624 இல் ஊரைப் பிளேக் நோய் அழித்துக்கொண்டிருந்தபோது பெலெக்றினோ மலைக் குகையில் அவரின் எலும்புகளைக் கண்டெடுத்து ஊர்வலமாகக் கொண்டு வந்தார்கள், நோய் விலகியது என்று இந்த ஊர் நம்புகிறது. அன்றிலிருந்து அவர்தான் காவல். தெருவெல்லாம் அவித்த சோளம், வத்தகப்பழம், உள்ளி போட்ட நத்தை, சனம் நெருக்கியடிக்கும். கடைசியில் கடலுக்கு மேல் வாணவேடிக்கை. நாங்கள் பலெர்மோத் தமிழர் சைவம், கிறிஸ்தவம் என்று பார்க்காமல் அந்த மலைக்கு ஏறுகிறவர்கள். நேர்த்தி வைத்துக் காலில் செருப்பில்லாமல் ஏறுகிறவர்களும் இருக்கிறார்கள். குகைக்குள் பாறையில் இருந்து சொட்டுகிற தண்ணீரைத் தகரப் பீலி வைத்துப் பிடிப்பார்கள். விசா கிடைக்காமல் தவித்த நாட்களில் அந்தத் தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டு அழுதவர்கள் எங்களுக்குள் எத்தனையோ பேர். வெக்கையையும் தாண்டி இந்தத் திருவிழாவுக்கு வரலாம். செப்டெம்பர் 4 அவரின் திருநாள், அதற்கு முதல் நாள் இரவு ஊரே மலையேறும். அதற்கு வந்தால் இன்னும் நல்லது.

குளிர் காலம் மலிவு. ஆனால் இங்கே பல வீடுகளில் சூடாக்கி ஒழுங்காக இல்லை, ஜனவரியில் வெளியே 14 பாகை என்றால் வீட்டுக்குள் ஓட்டுத் தரையில் கால் விறைக்கும். கனடாவில் இருந்து வருகிறவர்கள்தான் இதற்கு அதிகம் முறைப்பாடு சொல்வார்கள், அவர்கள் வீடு வெதுவெதுப்பாக இருந்து பழகியவர்கள். பெப்ரவரியில் அக்ரிஜெந்தோவில் வாதுமை பூக்கும், எட்னா மலையில் பனி இருக்கும், கத்தானியாப் பக்கத்துச் சிவப்புத் தோடம்பழம் அள்ளி வாங்கலாம். மே மாதம் வடிவு, அதை யாரும் மறுக்க முடியாது. மலைச்சரிவெல்லாம் பூ, நோத்தோவில் மூன்றாவது ஞாயிறை ஒட்டித் தெரு முழுக்கப் பூவால் கோலம் போடுவார்கள், சிராகூசாவின் கிரேக்க அரங்கில் அந்தியில் பழைய நாடகங்கள் தொடங்கும். ஆனால் கடல் குளிரும். 18, 19 பாகைத் தண்ணீரில் ஜெர்மன்காரர் சந்தோசமாக நீந்துவார்கள். காங்கேசன்துறையிலும் கசூரினாவிலும் குளித்த எங்கள் ஆட்கள் முழங்கால் வரை இறங்கிக் கத்திவிட்டுக் கரைக்கு ஓடி வருவார்கள்.

ஒக்டோபர் அப்படியில்லை. கடல் கோடை முழுக்கக் குடித்த சூட்டை லேசில் விடாது. தரை ஆறிவிடும், பகலில் 24, 25 பாகை, மாலையில் தோளில் ஒரு சால்வை போட்டால் போதும், ஆனால் மாதத் தொடக்கத்தில் கடல் இன்னும் 23 பாகைக்குக் கிட்ட இருக்கும். இங்கே செப்டெம்பர் நடுவில் பள்ளிக்கூடம் தொடங்கிவிடும். அதோடு கடற்கரை காலியாகும். ஓகஸ்டில் குடையும் சாய்கதிரையும் வாடகைக்குப் பிடித்து வைத்திருந்த அதே மொண்டெல்லோ மணலில் நீங்கள் நினைத்த இடத்தில் பாயை விரிக்கலாம். பலெர்மோவில் இருந்து செஃபலூ ரயிலில் ஒரு மணி நேரம்தான், இருக்கையும் கிடைக்கும். சிங்கறோ இயற்கைக் காப்பகத்தில் கடலோரமாக ஏழு கிலோமீட்டர் நடைபாதை இருக்கிறது, 1980 இல் அந்த வழியாகத் தெருப் போடப் போனபோது சனம் திரண்டு நடந்து தடுத்துக் காப்பாற்றிய கரை அது. கீழே சின்னச் சின்னக் குடாக்கள், தண்ணீர் அடி தெரியும். கோடையில் அந்தப் பாதையில் நடப்பது தண்டனை. ஒக்டோபரில் நடந்தால் ஒவ்வொரு குடாவிலும் இறங்கிக் குளிக்கத் தோன்றும்.

அந்த மாதத்தின் முதல் மழையை என்னால் சும்மா கடந்துவிட முடியாது. மாதக்கணக்காகக் காய்ந்த மண்ணில் விழுகிறபோது வருகிற வாசம் எங்கள் ஊர் வாசமேதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் எங்கள் கிணறு நிரம்பிக் கையால் மொண்டு எடுக்கிற அளவுக்குத் தண்ணீர் மேலே வந்து நிற்கும். பலெர்மோவில் கிணறு இல்லை, தொட்டியும் மோட்டரும்தான். ஆனால் அந்த மழைக்கு நான் ஒவ்வொரு வருடமும் யன்னலைத் திறந்து வைக்கிறேன், நான் பார்க்கிற அம்மாவும் தன் கதிரையை யன்னல் பக்கம் இழுத்துவிடச் சொல்வார்.

பிறகு நாகதாளிப் பழம். இங்கே அதைத் தோட்டமாக வளர்க்கிறார்கள். ஜூன் மாதத்தில் முதற் பூவையும் பிஞ்சையும் வேண்டுமென்றே தட்டி உதிர்த்துவிடுவார்கள், செடி மறுபடி பூத்துக் காய்க்கும், அந்த இரண்டாம் காய்ப்பு மழைக்குப் பின் பழுக்கும்போது பெரிதாகவும் இனிப்பாகவும் இருக்கும். பல்லறோச் சந்தையில் கையுறை போட்ட வியாபாரி இரண்டு வெட்டில் தோலை நீக்கித் தருவார், குளிரவைத்துச் சாப்பிட்டால் வேறெதுவும் வேண்டாம். ஊரில் வேலியோரத்து நாகதாளிப் பழத்தைக் களவாகப் பிடுங்கித் தின்று, சிவந்த நாக்கைக் காட்டிப் பிடிபட்டு அடி வாங்கியிருக்கிறோம். இங்கே காசு கொடுத்து வாங்கி மேசையில் வைக்கிறார்கள். அதே பல்லறோவில் எங்கள் ஆட்களின் கடைகளும் இருக்கின்றன, மூக்கைப் பிடித்துக்கொண்டே போனாலும் வறுத்த தூள் வாசம் கண்டுபிடித்துவிடும். ஒலிவ் பறிப்பும் அப்போதுதான். செக்கில் இருந்து வந்த புது எண்ணெய் பச்சையாக இருக்கும், தொண்டையில் காறும், சுட்ட பாணில் ஊற்றி உப்புப் போட்டுத் தருவார்கள்.

நவம்பர் 2 வரை நிற்க முடிந்தால் நில்லுங்கள். செத்தவர்களின் நாள் அது. சிசிலியில் அன்றைக்குப் பிள்ளைகளுக்குப் பரிசு கொண்டு வருகிறவர்கள் செத்துப்போன உறவுகள். இரவில் வந்து விளையாட்டுச் சாமானும், வாதுமை மாவில் பழம் போலவே செய்து நிறம் தீட்டிய இனிப்பும், சீனியில் வார்த்த பொம்மையும் வீட்டுக்குள் ஒளித்து வைத்துவிட்டுப் போவார்கள். பிள்ளைகள் விடிய எழும்பித் தேடுவார்கள். என் மகள் சின்னவளாக இருக்கும்போது அம்மப்பா எனக்கு என்ன கொண்டு வருவார் என்று கேட்டாள். அப்பா அவளைப் பார்க்காமலே போய்விட்டார், அவரின் செத்த வீட்டுக்கும் என்னால் போக முடியவில்லை. ஒரு சின்னக் காரும் அந்த இனிப்பும் வாங்கி அலுமாரிக்குப் பின்னால் வைத்தேன். அவருக்குப் பிடித்த உழுந்து வடையும் சுட்டுப் படத்துக்கு முன்னால் படைத்தேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டும் நடக்கிறது.

ஒக்டோபருக்கும் குறை உண்டு, மறைக்கக் கூடாது. மழை வந்தால் கொட்டும், 2021 ஒக்டோபர் கடைசியில் கத்தானியா நகரத் தெருக்களில் வெள்ளம் ஆறாக ஓடியது. காற்று எழும்பினால் தீவுகளுக்குப் போகிற படகை நிறுத்திவிடுவார்கள், ஆகவே ஸ்ட்ரொம்போலி, லிப்பாரி என்று போகிறவர்கள் விமானத்துக்கு முதல் நாள் அங்கே இருக்க வேண்டாம், ஒரு நாளைக் கையில் வைத்துக்கொண்டு திரும்புங்கள். மாதக் கடைசி ஞாயிறு நேரத்தை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு மாற்றுவார்கள், பின்னேரம் ஐந்து மணிக்கெல்லாம் பொழுது பட்டுவிடும்.

பள்ளிக்கூடத்தைக் காரணம் சொல்கிறவர்களும் ஒருக்கால் நாட்காட்டியைப் பாருங்கள். சுவிஸில் பெரும்பாலான மாநிலங்களுக்கு ஒக்டோபரில் இலையுதிர்கால விடுமுறை, ஜெர்மனியிலும் அப்படித்தான். லண்டன் பிள்ளைகளுக்கு அந்த மாதக் கடைசியில் ஒரு கிழமை, பிரான்சில் நவம்பர் தொடங்கும்வரை இரண்டு கிழமை. கனடாக்காரருக்கு நன்றி நவிலல் திங்களோடு சில நாள் சேர்த்து எடுக்கலாம். யாழ்ப்பாணத்தில் இருந்தோ சென்னையில் இருந்தோ வருகிறவர்கள் ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்னரே விண்ணப்பிக்கலாம், கோடைக்கால நெரிசலும் இருக்காது.

எனக்கும் ஒக்டோபரில்தான் லீவு லேசாகக் கிடைக்கும். வீட்டில் இடம் இருக்கிறது, ஒரு மழைச்சட்டையும் குளிக்கிற உடுப்பும் கொண்டு வந்தால் போதும். கறித்தூள், அப்பளம், மோர் மிளகாய் ஒன்றும் வேண்டாம், எல்லாம் பல்லறோவில் இருக்கிறது. பனம்பழக் களியைக் காயவைத்துச் செய்கிற பனாட்டு மட்டும் இங்கே கிடைப்பதில்லை, ஊருக்குப் போய்விட்டு வருகிறவர்கள் யாராவது இருந்தால் ஒரு துண்டு வாங்கி வாருங்கள்.