தங்கவயல் குறிப்பேடு

பிப்ரவரி 26, பெரம்பூர்

கோலார் தங்கவயல் என்றதும் எத்தனை டன் தங்கம் என்றுதான் கேட்கிறார்கள். சுமார் 120 வருடத்தில் 800 டன். ஆனால் அந்த ஊர் ஏன் காலியானது என்று புரிய, ஆழத்தைத்தான் கேட்கவேண்டும். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கு மேல் இறங்கியது. அடியில் பாறையின் சூடே 60 டிகிரியைத் தாண்டும். குளிரூட்டிய காற்றை உள்ளே அனுப்பித்தான் வேலை நடந்தது.

சூட்டைவிடக் கொடுமை 'ஏர் பிளாஸ்ட்'. தங்கமுள்ள வெள்ளைக்கல் இழையை வெட்டி எடுத்ததும், இரு பக்கப் பாறையின் பாரமும் மிச்சமிருக்கும் பகுதிமேல் ஏறும். தாங்க முடியாத கணத்தில் அது வெடித்துத் தெறிக்கும். மரமுட்டு நசுங்கிக் கொடுக்கும், தீயும் பிடிக்கும். அதனால் கருங்கல்லை அடுக்கிச் சுவராக எழுப்பினார்கள், பிற்பாடு கான்கிரீட். கீழே போனவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சித்தூர் பக்கத்து ஏழைத் தமிழர்கள், தலித் மக்கள். வெடிப்புக்குத் தப்பியவரையும் கல்தூசி விடவில்லை, நுரையீரலை அரித்தது.

பிப்ரவரி 27

எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பல் தெரிந்தவர்களுக்குத் தங்கவயலின் கழிவுமண் குவியலான 'சயனைட் மேடு' சுலபமாகப் புரியும். பாறையை மாவாக இடிப்பார்கள். சுண்ணாம்பு கலந்து, மிகக் குறைந்த அளவு சயனைட் கரைத்த தண்ணீரில் ஊறவிடுவார்கள். காற்றும் பட்டால்தான் தங்கம் கரையும். சுண்ணாம்பு குறைந்தால் நச்சு வாயு கிளம்பும், அதில் கஞ்சத்தனம் கூடாது. கரைந்த நீரைத் துத்தநாகத்தின்மேல் விட்டால் தங்கம் கறுப்பு வண்டலாகப் படியும். உருக்கினால் கட்டி. மிஞ்சிய மண்தான் 3 கோடி டன்னுக்கு மேல் மலைமலையாகக் கிடக்கிறது. கையில் அள்ளினால் கோலமாவு போல விரலிடுக்கில் வழியும். காற்றடித்தால் வீட்டுச் சோற்றுப்பானை வரை வரும்.

பிப்ரவரி 28

2001-ல் இதே நாளில் சுரங்கங்களை மூடினார்கள். ஆழம் கூடக்கூடச் செலவு ஏறியது, டன்னுக்குக் கிடைத்த தங்கமோ இறங்கிக்கொண்டே வந்தது. சுரங்கத்துக்காக 1902-லேயே காவிரி அருவியான சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்த ஊர் அது. பம்பை நிறுத்தியதும் ஊற்றுநீர் ஏறிச் சுரங்கங்களை நிரப்பிவிட்டது.

பங்காருபேட்டையிலிருந்து பிரியும் மாரிக்குப்பம் ரயில்பாதை மட்டும் ஓய்வதில்லை. சுரங்கத்துக்காகப் போட்டது. இப்போது தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள் விடிவதற்குள் அதிலேறி பெங்களூரு வேலைக்குப் போய், இருட்டிய பிறகு திரும்புகிறார்கள்.