1853-இல் பென்னட் லைப்சிக் போகவில்லை

"யாருக்காக பென்னட் போகாமல் இருந்தாரோ, அந்தப் பிள்ளைகள் யார் யாருன்னு தெரியுமா சார்?" என்று கேட்டார் அந்த இளம் ஆசிரியை. தெரியாது என்றேன். அந்தக் கேள்வி இன்னும் என்னை விட்டபாடில்லை.

அந்த ஆசிரியைக்கு வேறு ஊரில் இசையமைப்பு வேலை கிடைத்திருந்தது. இங்கே பிள்ளைகளின் இசைக் கிரேடு தேர்வு நெருங்கிய நேரம். என் மேசையில் தேர்வுப் பட்டியல், அவர் கையில் பென்சிலால் எழுதி, அழித்து, மறுபடி எழுதிய நோட்டு. போகட்டுமா என்றார். நான் ஆங்கில இசையமைப்பாளர் வில்லியம் ஸ்டெர்ன்டேல் பென்னட்டைப் பற்றிச் சொன்னேன்.

1816-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பிறந்தவர். பத்து வயதில் லண்டனின் ராயல் அகாடமி இசைப்பள்ளி. 1833-இல் அவர் வாசித்ததைக் கேட்ட ஜெர்மன் இசையமைப்பாளர் மெண்டல்சன் ஜெர்மனிக்கு அழைத்தார். மாணவனாக வரட்டுமா என்றதற்கு, நண்பனாக வா என்றாராம். பியானோவுக்கும் இசைக்குழுவுக்குமான எஃப் மைனர் கன்சர்ட்டோ எழுதியபோது வயது 22. அப்புறம் காலையிலிருந்து இரவுவரை பாடம், பாடம். எழுதுவது அருகிப்போனது. 1853-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரிலிருந்து, அங்குள்ள கெவாண்ட்ஹவுஸ் இசைக்குழுவை நடத்த அழைப்பு வந்தது. ஆசை இருந்தும் மறுத்துவிட்டார். சில மாணவர்களுக்கு மாற்று ஏற்பாடு அமையவில்லை. அவர்களை நடுவில் விட மனமில்லை.

இரு என்றோ போ என்றோ நான் சொல்லவில்லை. ஆனால் பரீட்சைக்கு ஆள் கிடைக்காத நேரத்தில் துறைத்தலைவரான நான் சொல்லும் கதை வெறும் கதையாகவா காதில் விழும்?

பென்னட் போயிருந்தால் மறு வருஷமே லண்டனில் பாக்கின் மத்தேயு பாஷன் என்ற பெரிய இசைப் படைப்பை நடத்தியிருக்க முடியுமா? இங்கிலாந்து அதை முதன்முதலில் கேட்டது 1854-இல், அவர் தொடங்கிய பாக் சங்கத்தின் வழியாகத்தான். பின்னாளில் அரசு மானியம் நின்று அகாடமியே மூடப்படும் நிலை வந்தபோது, முதல்வராக இருந்து காத்தவரும் அவரே. இசையமைப்பாளர் ஆர்தர் சல்லிவன் அவரிடம் படித்தவர். இதையெல்லாம் அன்றே சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத்தான் ஆசிரியை அந்தக் கேள்வியைக் கேட்டார்.

பெயர் தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் மதிப்பில் குறையாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதை நம்பித்தான் இத்தனை காலம் இந்த வேலையில் இருக்கிறேன். அப்படியானால் பென்னட் எழுதாமல் விட்ட கன்சர்ட்டோக்களை எந்தக் கணக்கில் வைப்பது?

அந்த ஆசிரியை இங்கேயே தங்கிவிட்டார். பிள்ளைகளுக்கு அவர்மேல் உயிர். என் சொந்த முடிவுதான் சார் என்கிறார். நம்புகிறேன். சில நாள் நம்ப முடிவதில்லை. இப்போதும் எழுதுகிறீர்களா என்று கேட்க மட்டும் எனக்கு வாய் வரவில்லை.